நிலத்தை விற்காமல் மனை உரிமையை விற்ற உழவர்கள்

பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு இரண்டு கவலைகள் உண்டு. வீட்டுமனைகள் வரப்பு வரை வந்துவிட்டால் அங்கு விவசாயம் செய்வது கடினம். "இது விவசாயப் பகுதி, இங்கே வீடு கட்டக் கூடாது" என்று அரசு கோடு போட்டுவிட்டாலோ நிலத்தின் விலை சரிந்துவிடும். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த மான்ட்கோமரி கவுண்டி மக்களும் இந்த இரண்டு கவலைகளையும் சந்தித்தவர்கள்தாம். அவர்கள் தங்கள் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை எவ்வாறு திருத்தினார்கள், அதில் உழவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பது அறிந்துகொள்ளத் தக்கது.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. ஆனால் அதற்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் உண்டு. எந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த மன்றத்திடம் இருக்கிறது.

தலைநகரின் நெருக்கடி

மான்ட்கோமரி கவுண்டி அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனை ஒட்டி அமைந்துள்ளது. 1950இல் அதன் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 64 ஆயிரம். 1980இல் அது 5 லட்சத்து 79 ஆயிரம் ஆயிற்று. 2020 கணக்கெடுப்பில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பேருக்கும் வீடு வேண்டுமல்லவா? பால் பண்ணைகளும் சோள வயல்களும் ஒவ்வொன்றாக மனைகளாயின.

இதை ஒழுங்கு செய்ய 1964இல் ஒரு நீண்ட காலத் திட்டம் வகுத்தார்கள். வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் குடத்திலிருந்து கிளம்புவது போல, வாஷிங்டனிலிருந்து கிளம்பும் பெரிய சாலைகளை ஒட்டியே ஊர்கள் வளர வேண்டும். ஆரக்கால்களுக்கு இடையே உள்ள ஆப்பு வடிவ நிலங்கள் விவசாயத்துக்கும் பசுமைக்கும் இருக்க வேண்டும். இதுவே திட்டத்தின் சாரம்.

படத்தில் இது அழகாக இருந்தது. ஆனால் படம் மட்டும் நிலத்தைக் காப்பாற்றவில்லை. 1970களில் கிராமப் பகுதியில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது 5 ஏக்கர் இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். விளைவு எதிர்பார்த்தது போல் இல்லை. வசதி படைத்தவர்கள் 5 ஏக்கரை வாங்கி நடுவில் ஒரு வீட்டைக் கட்டினார்கள். 5 ஏக்கர் என்பது குடியிருக்க அதிகம். அங்குள்ள முறையில் டிராக்டர் ஓட்டிச் சோளம் விதைக்கவோ மாடு மேய்க்கவோ போதாது. நிலம் துண்டு துண்டாகி விவசாயத்துக்கு உதவாமல் போயிற்று.

1980இல் வந்த மாற்றம்

அப்போது கவுண்டித் திட்டக் குழுவின் தலைவராக இருந்தவர் ராய்ஸ் ஹான்சன். இந்தக் குழு தயாரித்த புதிய விவசாயப் பாதுகாப்புத் திட்டம் 1980இல் நிறைவேறியது. சுமார் 93,000 ஏக்கர், அதாவது கவுண்டியின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, விவசாயக் காப்புப் பகுதியாக ஒதுக்கப்பட்டது. அங்கு இனி 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம்.

உழவர்களுக்கு இது கசப்பாக இருந்தது. 100 ஏக்கர் பண்ணை வைத்திருப்பவர் நேற்று வரை அதில் 20 வீடுகளுக்கு மனை போடலாம். இன்று 4 வீடுதான். நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவதும், முதுமைக் காலத்துக்கு நிலத்தையே சேமிப்பாக நம்பியிருப்பதும் அவர்கள் வழக்கம். நகரத்தார் பசுமையைப் பார்த்து மகிழ்வதற்கு நட்டத்தை உழவன் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி அது.

இதற்குத் திட்டம் தந்த விடைதான் கட்டட உரிமை மாற்றம். நிலம் வேறு, அதில் வீடு கட்டும் உரிமை வேறு என்று பிரித்தார்கள். பழைய விதிப்படி 5 ஏக்கருக்கு ஓர் உரிமை வீதம் 100 ஏக்கர்க்காரருக்கு 20 உரிமைகள் உண்டு. தம் நிலத்தில் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவர் விற்கலாம். வாங்குபவர் கட்டட முதலாளி. அவர் அதைப் பண்ணையில் பயன்படுத்த முடியாது. கவுண்டி குறித்துக் கொடுத்த நகர்ப்புறப் பகுதியில், வழக்கமான அளவுக்கு மேல் கூடுதல் வீடுகள் கட்டப் பயன்படுத்திக்கொள்வார். விற்ற உரிமைக்கு ஈடாகப் பண்ணை நிலத்தின் மீது நிரந்தர நிபந்தனை பத்திரத்தில் ஏறிவிடும். பிறகு அந்த நிலத்தை யார் வாங்கினாலும் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவரே.

உழவருக்குப் பணம் வந்தது. நிலமும் கையில் இருந்தது. அரசுக்குச் செலவில்லை, பணத்தைக் கொடுத்தவர் கட்டடம் கட்டுபவர். இந்த முறையில் 50,000 ஏக்கருக்கு மேல் நிரந்தரப் பாதுகாப்புக்குள் வந்துள்ளது. 1981 ஜனவரியில் மண்டல விதி நடைமுறைக்கு வருமுன்பே நிலம் வைத்திருந்த குடும்பத்தார், தம் பிள்ளைகளுக்குத் தனி மனை பிரித்துக் கொடுக்கவும் விதிவிலக்கு தந்தார்கள். காப்புப் பகுதிக்குள் பொதுச் சாக்கடைக் குழாய்களைக் கொண்டுபோவதில்லை என்பதையும் கொள்கையாகக் கொண்டார்கள். குழாய் போன இடத்துக்கு வீடு தானாகப் போகும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

குறைகளும் உண்டு

உரிமையின் விலை நிலையானதல்ல. வீட்டு வியாபாரம் சூடாக இருந்தபோது ஏறியது, மந்தமானபோது இறங்கியது. கூடுதல் வீடுகள் வந்து சேரும் பகுதிகளில் குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. எந்த இடத்தில் எத்தனை வீடு என்பதைத் திட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, முறைப்படி மண்டல விதியாகவே இயற்ற வேண்டும் என்று 1987இல் தீர்ப்பாயிற்று. மன்றம் விதிகளைத் திருத்தி முறையைத் தொடர்ந்து நடத்தியது.

மீண்டும் ஒரு திருத்தம்

1964ஆம் ஆண்டுப் பொதுத் திட்டத்துக்குப் பதிலாக 2050ஆம் ஆண்டு வரைக்குமான புதிய திட்டத்தை வகுக்கும் பணி 2019இல் தொடங்கியது. அங்குள்ள நடைமுறை இது. அலுவலர்கள் கூட்டங்கள் போட்டுக் கருத்துக் கேட்டு வரைவு தயாரிப்பார்கள். திட்டக் குழு அதன் மீது பொது விசாரணை நடத்தும். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிடங்கள் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். பிறகு வரைவு மன்றத்துக்குப் போகும். மன்றமும் தனியே விசாரணை நடத்தி, திருத்தி, வாக்கெடுப்பு நடத்தும்.

2020இல் கொரோனா பரவியதால் கூட்டங்கள் பெரும்பாலும் கணினி வழியே நடந்தன. ஏழை மக்கள், வேற்று மொழி பேசுவோர், வேலையை விட்டு வர முடியாதோர் ஆகியோரின் குரல் போதுமான அளவு கேட்கப்படவில்லை என்ற குறை எழுந்தது. மன்றம் அதை ஏற்று, 2022இல் அவர்களிடம் தனியாகக் கருத்துக் கேட்க ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் திட்டம் நிறைவேறியது.

பெரும் வாதம் நடந்தது நகரப் பகுதியைப் பற்றித்தான். தனி வீடுகள் மட்டுமே உள்ள தெருக்களில் அடுக்கு வீடுகளும் ஒட்டு வீடுகளும் வரலாமா என்பதே கேள்வி. இது உழவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று தோன்றலாம். அப்படியல்ல. நகரத்துக்குள் வீடு கட்ட இடம் கொடுக்காவிட்டால் அந்த நெருக்கடி வயலை நோக்கித்தான் வரும். புதிய திட்டம் வளர்ச்சியைப் பெருஞ்சாலைகளை ஒட்டிக் குவித்து, விவசாயக் காப்புப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டது.

காப்புப் பகுதிக்குப் புதிய சோதனைகளும் வருகின்றன. விளைநிலத்தில் சூரிய மின் தகடுகளை நிறுவலாமா என்ற நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 2021இல் கவுண்டி மன்றம் கடும் நிபந்தனைகளோடு அனுமதித்தது. வாடகை வருமானம் வேண்டும் என்ற உழவரும் இருந்தார்கள். குத்தகை நிலம் கிடைக்காமல் போகும் என்று அஞ்சிய உழவரும் இருந்தார்கள்.

கவனிக்க வேண்டியவை

நூறு ஏக்கர் பண்ணைக்கு வகுத்த முறை இரண்டு ஏக்கர் விவசாயிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதிலுள்ள சில செய்திகள் எந்த ஊருக்கும் பொருந்தும். வரைவு அச்சாகும்போதே தன் சர்வே எண் எந்த நிறத்துக்குள் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். திட்டம் ஒன்று, அதைச் சட்டமாக்கும் விதி மற்றொன்று. இரண்டையும் படிக்க வேண்டும். நிலத்தைக் காக்கச் சொல்பவர், அதனால் உழவருக்கு வரும் நட்டத்தை யார் தருவது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தக் கேள்வியைக் குறித்த தேதிக்குள், எழுத்தில், பலர் சேர்ந்து கேட்க வேண்டும். கோடு உறுதியான பிறகு கேட்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான்.