இரண்டாம் கியரில் வீடு வரை

1990-களில் அமெரிக்கக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு ஏறிப் போன கிரைஸ்லர் மினிவேன்களில் பலவற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அலறும், வேகம் விழும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி இரண்டாம் கியரைத் தாண்டாது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். கொஞ்ச தூரம்தான், பிறகு மறுபடியும் இரண்டாம் கியர்.

கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே பலரும் தலையில் கைவைத்தார்கள். ஆனால் அந்த இரண்டாம் கியர், பொறியாளர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு.

1989-ஆம் ஆண்டு மாடல்களில் வந்த அந்த நான்கு கியர் தானியங்கிப் பெட்டியின் பெயர் ஏ604. அதற்கு முந்தைய பெரும்பாலான தானியங்கிப் பெட்டிகளில் எண்ணெய் அழுத்தமும் வால்வுகளுமே கியரை மாற்றின. கியர் மாறும்போது குலுங்காமல் இருக்க இரும்புப் பட்டைகளும் ஒருவழிக் கிளட்சுகளும் உதவின. ஏ604 அவற்றை விட்டுவிட்டது. உள்ளே ஐந்து கிளட்ச் அடுக்குகள் மட்டும். கோயில் வீதியில் சாமி தூக்குகிறவர்கள் நடை நிற்காமல் தோள் மாற்றுவதுபோல, ஒரு கிளட்ச் விடும் அதே நொடியில் இன்னொன்று பிடிக்க வேண்டும். முன்னால் விட்டால் எஞ்சின் வீணாகச் சுழலும். தாமதமானால் இரண்டு கியர்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கைப் பார்ப்பது ஒரு சின்னக் கணினி. பெட்டிக்குள் நுழையும் சுழற்சியை ஒரு சென்சாரும், வெளியேறும் சுழற்சியை இன்னொரு சென்சாரும் அளக்கின்றன. இரண்டாம் கியரின் விகிதம் 1.57, உள்ளே 1,570 சுற்று என்றால் வெளியே 1,000 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் தகடுகள் தேயத் தேய, அவற்றை அழுத்த அதிக எண்ணெய் தேவைப்படும். அதையும் கணினி அவ்வப்போது கற்று நினைவில் வைத்துக்கொள்ளும்.

கணக்கு பெரிதாகப் பிசகினால், வால்வுகளை இயக்கும் சொலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தைக் கணினி துண்டித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மின்சாரமே இல்லாத நிலையில், முன்னோக்கிப் போக இரண்டாம் கியர் தானாக விழும்படி எண்ணெய் வழிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ரிவர்ஸும் கிடைக்கும். முதல் கியரில் ஊர்ந்து ஊர் சேர முடியாது. நான்காம் கியரில் நின்ற இடத்திலிருந்து கிளம்பவே திணறும். நடுரோட்டில் நிற்காமல் வீடு சேர இரண்டாம் கியர் போதும்.

இதனால் அந்தப் பெட்டிக்கு நல்ல பெயர் வந்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் நிறையவே பழுதானது. கிரைஸ்லர் தனக்கென வகுத்த எண்ணெய்க்குப் பதிலாக, கைக்குக் கிடைத்த டெக்ஸ்ரான் என்ற வேறு வகை எண்ணெயைப் பட்டறைகளில் ஊற்றியது இன்னொரு வினை. இரண்டும் சிவப்புதான், ஆனால் உராய்வுக் குணம் வேறு. தவறான எண்ணெயில் கிளட்ச் நடுங்கும்.

உங்கள் வண்டி எந்த நிறுவனத்துடையதானாலும், இப்படிச் சிக்கிக்கொண்டால் கியர்பாக்ஸைப் பிரிக்க உடனே சம்மதிக்காதீர்கள். கணினியில் பதிந்த பிழைக் குறியீட்டை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பழுதான ஒரு சென்சாரே இதே அறிகுறியைக் காட்டும்.