பிரஷர் மாத்திரை: காலையிலா, ராத்திரியிலா?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்கள் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். 'காலைச் சாப்பாட்டுக்குப் பின்' என்று சீட்டில் எழுதிய பிரஷர் மாத்திரையை அவர்கள் எப்போது போடுவது? ராத்திரிக்கு மாற்றினால் கெடுதலா?

மாத்திரை கிடைப்பதில் இப்போது அலைச்சல் குறைவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டு வாசலுக்கே வருகிறது. மிச்சமிருப்பது நேரக் குழப்பம்.

ஸ்பெயினில் சுமார் 19,000 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, படுக்கும்முன் மாத்திரை போட்டவர்களுக்கு இதய பாதிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்றது. நம்பக் கொஞ்சம் சிரமமான நல்ல சேதி! ஆய்வு நடத்தப்பட்ட விதம் குறித்துக் கேள்விகளும் எழுந்தன. 2022இல் பிரிட்டனின் 'டைம்' ஆய்வு வேறு கணக்கைக் காட்டியது. 21,104 பேரில், மாரடைப்பு, பக்கவாதம் அல்லது ரத்தநாள நோயால் மரணம் நேர்ந்தவர்கள் இரவுக்காரர்களில் 3.4 சதவீதம், காலைக்காரர்களில் 3.7. வித்தியாசம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அம்லோடிபைன் என்ற பிரஷர் மாத்திரையில் பாதியளவு ரத்தத்திலிருந்து நீங்கவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே பூப்பறிப்பவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ராத்திரிச் சோற்றோடு தினமும் போட்டுக்கொள்ளலாம்; மறக்காத நேரமே நல்ல நேரம்.

சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரைகள் மட்டும் விதிவிலக்கு. இரவில் போட்டால் அடிக்கடி எழ வேண்டும். வயதானவர்கள் இருட்டில் தடுக்கி விழும் ஆபத்தும் உண்டு. எந்த மாத்திரையானாலும், மறந்த நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.