வான்பயணத்தில் காற்றழுத்த இழப்பும் விமானப் பணியாளர் கடமையும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் ஏறுவோர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைகின்றனர். பாதி வழியிலேயே காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையருகே வந்து சேரும்போது உப்பிப் போயிருக்கும். காதுக்கும் பொட்டலத்துக்கும் நேர்ந்தது ஒன்றே. மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. மூவாயிரம் அடி கடந்த மலையிலேயே இந்நிலை என்றால், 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் நிலை யாது?

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழக் கால்பங்கே. உயிர்வளியின் விகிதம் அங்கும் 21 விழுக்காடுதான். அதனை நுரையீரலிலிருந்து குருதிக்குள் செலுத்தும் அழுத்தம்தான் இல்லை. ஆகவே, பெரும்பாலான விமானங்களில் எஞ்சின்கள் அமுக்கித் தரும் காற்றின் ஒரு பகுதி பயணியர் அறைக்குள் அனுப்பப்பெறுகிறது. மிகுதியான காற்று ஓர் அடைப்பிதழ் வழியே அளவாக வெளியேறுகிறது. இவ்வேற்பாட்டால் உள்ளே அமர்ந்திருப்பவர், 8,000 அடிக்கு மேற்படாத ஒரு மலையில் இருப்பவரைப் போன்றே மூச்சுவிடுகிறார். உதகமண்டலத்தைவிடச் சற்றே உயரம் என்று கொள்ளலாம்.

இவ்வேற்பாடு பழுதுபட்டாலோ, எவரேனும் அதனை இயக்க மறந்தாலோ அறையின் அழுத்தம் இறங்கும். 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் நிகழ்ந்தது இதுவே. அழுத்தத்தைக் காக்கும் விசையை விமானிகள் இயக்க மறந்தனர் என்று விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அன்றே தெரிவித்தனர். பயணியர் 166 பேர். அவர்களில் ஏறத்தாழ 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் குருதி கசிந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. ஒரு விசை, ஒரு மறதி, அவ்வளவே.

இத்தகைய வேளையில் பயணியரிடையே நிற்பவர் விமானப் பணியாளர். 'பணிப்பெண்' என்ற வழக்கு தேநீர்த் தட்டையும் புன்னகையையும் மட்டுமே நினைவூட்டுவது ஒரு குறை. ஏறத்தாழ ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்று சட்டம் வகுத்திருப்பது தேநீருக்காக அன்று; பாதுகாப்புக்காக. ஆடவரும் இப்பணியில் உளர்.

அறையின் அழுத்தம் ஏறத்தாழ 14,000 அடி உயரத்துக்குரிய அளவுக்கு இறங்கியதும், தலைக்கு மேலுள்ள பலகைகள் திறந்து மஞ்சள் நிற முகமூடிகள் தொங்கும். அக்கணத்தில் பணியாளர் செய்ய வேண்டிய முதற்செயல் வியப்பூட்டுவது. அவர் எவருக்கும் உதவ ஓடலாகாது. அருகிலுள்ள முகமூடியை எடுத்துத் தாம் அணிய வேண்டும். காலி இருக்கையில் அமர வேண்டும். இருக்கை இல்லையெனில் பயணியரிடையே ஒடுங்கிப் பற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் வரிசைக்கு ஒரு முகமூடி மிகுதியாக வைக்கப்பெற்றிருப்பது கைக்குழந்தைக்கும் இவர்க்கும் உதவவே. உணவுவண்டியுடன் நடுவில் நிற்பவரானால் அதன் தடையை அழுத்திவிட்டு அமர்தல் வேண்டும். அமர்ந்தவாறே "முகமூடியை இழுங்கள், அணியுங்கள்" என்று உரக்கக் கூவலாம், எழலாகாது.

இது தன்னலமா? பயணத் தொடக்கத்தில் தாய்மாரிடம் "முதலில் நீங்கள் அணிந்து பின்னர்க் குழந்தைக்கு அணிவியுங்கள்" என்று கூறும்போது நம் மனம் ஒருகணம் மறுக்கத்தான் செய்கிறது. தான் உண்ணாமல் பிள்ளைக்கு ஊட்டும் தாயைப் போற்றி வளர்ந்தவர் நாம். எனினும் 35,000 அடியில் உயிர்வளியின்றி ஒருவர் தெளிவுடன் செயற்படக்கூடிய காலம் 30 முதல் 60 நொடிகளே. அஞ்சி அழும் குழந்தையின் முகத்தில் முகமூடியைப் பொருத்தவே அந்நேரம் போய்விடக்கூடும்; தாய் சாய்ந்தபின் இருவர்க்கும் துணையில்லை. மாறாக, சில நொடிகள் மயங்கிய குழந்தையைத் தெளிவுடன் இருக்கும் தாய் மீட்டுவிடலாம். உயிர்வளிக் குறை முதலில் கவர்ந்து செல்வது அறிவை. அதிலும் தனக்கு அறிவு மங்குகிறது என்னும் உணர்வையே. வலியில்லை, சிலர்க்குக் காரணமற்ற களிப்பும் தோன்றுவதுண்டு. அதனாலேயே காற்று மெல்லக் கசியும் இழப்பு, ஓசையுடன் நிகழும் இழப்பினும் கொடியது.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸ் நாட்டின் ஹீலியோஸ் நிறுவன விமானத்தில் இதுவே நேர்ந்தது. அழுத்தக் கட்டுப்பாடு உரிய நிலையில் வைக்கப்பெறவில்லை, எச்சரிக்கை ஒலியை விமானிகள் வேறொன்றாகக் கருதினர், பின் மயங்கினர். உடன் பறந்த கிரேக்கப் போர்விமானிகள், ஒருவர் விமானி அறைக்குள் நுழைவதைக் கண்டனர். அவர் ஆன்ட்ரியாஸ் புரோட்ரோமு என்னும் விமானப் பணியாளர். எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்றன; ஏதென்சுக்கு அருகே விமானம் வீழ்ந்து 121 பேரும் மாண்டனர். முகமூடி விழுந்தும் விமானம் இறங்கத் தொடங்கவில்லையெனில், பணியாளர் உடனே விமானி அறையுடன் தொடர்புகொள்ள வேண்டும் என்பது ஏன் என இந்நிகழ்ச்சி காட்டும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவன விமானத்தின் மேற்கூரை 24,000 அடியில் பெயர்ந்து போயிற்று. தலைமைப் பணியாளர் கிளாராபெல் லான்சிங் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். உயிரிழந்தவர் அவர் ஒருவரே. பயணியர் இருக்கைப்பட்டை அணிந்திருந்தனர். தரையில் வீழ்த்தப்பட்ட மற்றொரு பணியாளர் மிஷெல் ஹோண்டா, கூரையற்ற நடைவழியில் தவழ்ந்து சென்று பயணியரைத் தேற்றினார். விதிநூல் இதனை எதிர்பார்க்கவில்லை.

வழக்கமாக விமானிகள் சில நிமிடங்களில் 10,000 அடிக்கு இறக்கிவிடுவர். முகமூடிக்கு உயிர்வளி தரும் வேதிக்கலன் பல விமானங்களில் 12 நிமிடம் முதல் 22 நிமிடம் வரைதான் வேலை செய்யும்; அதுவே போதும். செம்மேட்டுப் பேருந்து மெதுவாக ஏறுவதால் காதுக்கு அவகாசம் கிடைக்கிறது. இங்கு அவ்வவகாசம் இல்லை. வலி மிகும், விழுங்குதலும், மூக்கைப் பொத்தி மென்மையாக ஊதுதலும் உதவும். பாதுகாப்பான உயரம் எய்தியதாக விமானி அறிவித்தபின்னரே பணியாளர் எழுவர். கையில் தூக்கிச்செல்லும் உயிர்வளிக் கலனுடன் வரிசை வரிசையாகச் சென்று மயங்கியோர்க்கு முதலுதவி செய்வர். கழிவறைகளைத் தட்டிப் பார்ப்பர்.

நம் ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்று வராத குடும்பம் குறைவு. முதன்முறை பறப்போர்க்கு மூன்று செய்திகள் சொல்லி அனுப்பலாம். முகமூடியைக் கீழ்நோக்கி இழுத்தால்தான் காற்று வரத் தொடங்கும். அதன் பை உப்பாவிட்டாலும் காற்று வந்துகொண்டே இருக்கும். வேதிக்கலன் சூடாவதால் எரிநாற்றம் எழலாம். அது தீயன்று, முகமூடியைக் கழற்றிவிடலாகாது.