பதற்றத்தோடு ஆடப் பழகுதல்

விளையாட்டில் மனப்பயிற்சி என்பது, உடல் கற்ற திறமை நெருக்கடியில் கைவிட்டுப் போகாமல் காப்பதற்கான பயிற்சி. பதற்றத்தில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது. கவனத்துக்கு நேரும் கேடு இதைவிடப் பெரிது. ஆண்டுக்கணக்கில் பழகித் தானாகவே நடந்துவந்த அசைவை வீரர் இடையில் புகுந்து சரிபார்க்கத் தொடங்குகிறார், கை தடுமாறுகிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். மூச்சு சற்றுப் பிசகினாலும் புள்ளி போய்விடும்.

மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரத்தை நீட்டினால் இதயத்துடிப்பு தணியும். டென்னிஸில் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் பந்தை ஒரே விதமாகத் தட்டுவது, இழந்த புள்ளியில் சிக்கிய மனத்தை அடுத்த பந்துக்குக் கொண்டுவரும். இவை எளியவை, ஆனால் தினமும் பழகாமல் போட்டியன்று மட்டும் முயன்றால் பலிக்காது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மனக்காட்சிப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு பதக்கம் வாங்குவதாகக் கற்பனை செய்வதில் பெரிய பலன் இல்லை. அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், பயிற்சியாளர் பாப் போமன் சொன்னபடி, பந்தயம் முழுவதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். ஏதாவது கோளாறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் அதில் அடங்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை பந்தயத்தின் நடுவே அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தது. சுவர் தெரியவில்லை. எத்தனை கைவீச்சில் அதைத் தொடலாம் என்பது அவருக்கு மனப்பாடம். எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

அதே பெய்ஜிங்குக்குப் புறப்படும் முன் இந்தியத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா ஜெர்மனியில் ஓர் உயரமான கம்பத்தின் உச்சிவரை ஏறினார். பயம் இருக்கும்போதே உடலை அடுத்த அசைவுக்குக் கொண்டுசெல்லப் பழகுவதற்காகவே அந்த ஏற்றம். பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றில் ஒரே ஒரு குண்டு மிச்சமிருந்தபோது அவரும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சம நிலையில் இருந்தார்கள். பிந்த்ரா சுட்டது 10.8, ஹாக்கினன் 9.7. தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

சதுரங்கத்திலும் இதே கதைதான். 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்ற சென்னையின் குகேஷ், பதினான்காவது ஆட்டத்தை வென்று 18 வயதில் பட்டம் பெற்றார். அவருக்கு மனப்பயிற்சி அளித்த பேடி அப்டன், 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் பணியாற்றியவர்.

ஆனால் மனப்பயிற்சியாளர் மருத்துவர் அல்லர். ஃபெல்ப்ஸே மன அழுத்த நோயால் அவதிப்பட்டதையும் உதவி நாடியதையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தூக்கம் கெட்டு, ஆட்டத்தையே வெறுக்கும் நிலைக்கு வந்துவிட்ட வீரருக்கு மூச்சுப் பயிற்சி போதாது. அவரை மனநல மருத்துவரிடம் அனுப்புவது பயிற்சியாளரின் கடமை.