வயற்கொசுவும் வீட்டுக்கொசுவும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. அந்நூலைப் பாராட்டி முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் பரிசளித்தார். ‘குறவஞ்சி மேடு’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. நிலம் என்றால் நெல் விளையும் இடம் என்பதே அக்காலத்துப் பொருள். இன்று அப்பக்கத்தில் ஒருவர் ‘நிலம் வாங்கினேன்’ என்றால், எத்தனை சென்ட் மனை என்றுதான் கேட்கிறோம். இம்மாற்றத்தை விலைவாசியோடு சேர்த்துப் பேசுவோர் பலர். நான் காய்ச்சலோடு சேர்த்துப் பேச விரும்புகிறேன்.

கொசுக்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. ஒவ்வோர் இனமும் முட்டையிடத் தனக்கேற்ற நீரைத் தேடிச் செல்லும். நடவு வயலில் தேங்கும் நீரில் வளர்பவை கியூலெக்ஸ் வகையைச் சேர்ந்த சில இனங்கள். பொழுது சாய்ந்தபின் மாட்டையும் பன்றியையும் நாடிக் கடிக்கும் அவை, மனிதனையும் முற்றும் விட்டுவிடுவதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அவற்றின் வழியாகவே பரவுகிறது. இந்தியாவில் அந்நோய் மனிதரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில். ஆகவே, வயல் சூழ்ந்த ஊரில் நோயே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழமையைப் புகழ்வோர் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். எனினும், வயல்நீரில் மீனும் தவளையும் தட்டானின் இளம்புழுவும் இருந்து கொசுப்புழுவைத் தின்றன. மடை திறந்தால் நீர் நகர்ந்தது. கார் அறுவடை முடிந்து பிசான நடவு தொடங்குமுன் வயல் சிறிது காய்ந்தது.

வயலை மண்ணடித்து மேடாக்கி மனை பிரிக்கும்போது நிகழ்வது என்ன? அந்த வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால் தூர்கிறது, அல்லது சாக்கடையாகிறது. அழுக்கு நீரை விரும்பும் மற்றொரு கியூலெக்ஸ் அங்கே குடியேறுகிறது. யானைக்கால் நோயைப் பரப்புவது இதுவே. விற்றும் வீடு எழாத மனைகளில் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி, பழைய டயர் எல்லாம் வந்து சேர்கின்றன. குற்றாலச் சாரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் நாள் முழுவதும் தூறி, இப்பொருள்களை ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். இது மூன்றாவது இனத்துக்கு, அதாவது ஏடிஸ் கொசுவுக்கு, விருந்து.

ஏடிஸ் பகலில் கடிப்பது. தெளிந்த நீரே அதற்கு வேண்டும். பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்குமேல் அது பறந்து செல்வதில்லை. அதனால்தான் வீடும் வீடும் ஒட்டி நிற்கும் தெரு அதற்கு வாய்ப்பாயிற்று. ஒரு வீட்டில் டெங்குக் காய்ச்சலாளி ஒருவரைக் கடித்த கொசு, எட்டுப் பத்து நாளில் நோயைக் கொடுக்கும் ஆற்றல் பெற்று, அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது.

2012இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019இல். அவ்வாண்டு பெரிதும் துன்புற்ற மாவட்டங்களுள் திருநெல்வேலியும் ஒன்று. தென்காசிக்கு வடக்கேயுள்ள கடையநல்லூரில் உயிர்கள் பறிபோயின. அங்கே காய்ச்சல் தலைகாட்டியது கோடையில் என்பதைக் கவனிக்க வேண்டும். மழையில்லாக் கோடையில் கொசுவுக்கு நீர் ஏது? நாம் சேர்த்துவைக்கும் நீர்தான். குழாய் நீர் தவறாமல் வராத தெருவில் பீப்பாயும் சிமெண்டுத் தொட்டியும் இல்லாத வீடு ஏது? அருவிக்கு அருகிலேயே மக்கள் தண்ணீரைப் பிடித்துவைத்து வாழ நேர்வது விந்தையாகத் தோன்றலாம். நீர்வளம் வேறு, நீர் வழங்கும் ஏற்பாடு வேறு. மனை எழும் வேகத்தில் குழாய் நீள்வதில்லை.

நேயர்களே, இவ்வளவும் அறிந்த நானே ஒருமுறை ஏமாந்தேன். சாக்கடைக்கு மருந்து தெளிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நானும் குறை கூறிக்கொண்டிருந்தேன். அவ்வேளையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் காய்ச்சலில் கிடந்தான். தற்செயலாக எங்கள் மாடிப்படியின்கீழ் இருந்த தொட்டியில் டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தேன். தெளிந்த நீரில் புழுக்கள் துள்ளின. அவன் காய்ச்சலுக்கு அத்தொட்டிதான் காரணமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது. பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இரண்டு வாரம் அவன் தாயின் முகத்தை நேர்நோக்க எனக்குக் கூச்சமாயிருந்தது.

தொட்டியை வெறுமே கவிழ்த்தால் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டவைக்கிறது. அவை பல மாதம் காய்ந்து கிடந்தாலும், மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். எனவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தெருவில் பத்து வீட்டார் கழுவி, பதினோராவது மனை சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால்? அவர் மனையில் கிடக்கும் டயரை யார் அகற்றுவது? வயலுக்கு வரப்பு இருந்தது. நீரை விடவும் அடைக்கவும் ஆள் இருந்தான். காலி மனைக்கு அப்படி ஒருவன் இல்லை. அந்தப் பொறுப்பைப் பேரூராட்சி ஏற்பதா, மனை பிரித்தவர் ஏற்பதா, வாங்கியவர் ஏற்பதா என்பது ஒவ்வொரு சாரலின்போதும் புதிதாக எழும் வழக்கு.