99 சதத்தில் தொடங்கி 12 ஆயிரம் ரூபாயில் முடிந்த கதை: இணையவழிக் கொடுப்பனவில் நாம் கவனிக்க வேண்டியவை

தரம் 10 மாணவர்களுக்காகப் பழைய பயிற்சித்தாள்கள் சிலவற்றைக் கணினி எழுத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இணையத்தில் தேடியபோது ஒரு வெளிநாட்டு இணையத்தளம் கிடைத்தது. வேலை முடிந்த பின்புதான் கோப்பைத் தரவிறக்க 99 டொலர் சதம் கேட்டது. நமது காசுக்கு 300 ரூபாய் அளவுதானே என்று எனது டெபிட் கார்ட் இலக்கத்தைக் கொடுத்தேன். வந்த ஓடிபியையும் பதிந்தேன்.

எட்டாம் நாள் வகுப்பில் இருக்கும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. 39.95 டொலர் கழிக்கப்பட்டிருந்தது. வங்கிக் கட்டணத்தோடு 12 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. குறுஞ்செய்தியில் இருந்த பெயரும் அந்த இணையத்தளத்தின் பெயர் அல்ல. அது உம்மாவின் மருந்துக்காகச் சம்பளக் கணக்கில் விட்டு வைத்திருந்த பணம்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். பெரிய பச்சை நிறப் பொத்தானுக்குக் கீழே, மங்கிய சிறிய எழுத்தில், ஏழு நாட்களின் பின் மாதச் சந்தா அறவிடப்படும் என்று எழுதியிருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. ஆனால் வாசிக்காமல் போகும்படிதான் அது எழுதப்பட்டும் இருந்தது.

நமது சமூகத்தில் பலர் வட்டிக்குப் பயந்து கடனட்டை எடுப்பதில்லை. நானும் அப்படித்தான். அது நல்ல முடிவு. ஆனால் அதில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். கடனட்டையில் தவறான தொகை விழுந்தால் பட்டியலைக் கட்டுவதற்கு முன் முறைப்பாடு செய்ய அவகாசம் இருக்கும். டெபிட் கார்டில் அந்த நிமிடமே நமது சொந்தப் பணம் போய்விடுகிறது. ஆகவே நமக்குத்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

முதல் தடவை ஓடிபி கேட்டதால், இனி ஒவ்வொரு முறையும் கேட்கும் என்று நினைத்தேன். அது பிழை. முதல் அனுமதியோடு அட்டை விபரம் அவர்களிடம் சேமிக்கப்படுகிறது. பின்னர் மாதாந்தம் கழிக்கும்போது பெரும்பாலும் ஓடிபி வராது. இந்தியாவில் 2021 ஒக்டோபர் முதல், இப்படித் தானாகக் கழிக்கும் முன் 24 மணித்தியாலத்துக்கு முன்னரே வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. வாடிக்கையாளரை ஏமாற்றும் இணைய வடிவமைப்புகளில் 13 வகைகளை 2023 நவம்பரில் இந்திய அரசு பட்டியலிட்டது. சந்தாப் பொறியும் அதில் ஒன்று. அமெரிக்காவில் பிரைம் சந்தாவில் மக்களை அவர்களது தெளிவான சம்மதமின்றிச் சேர்த்ததாக எழுந்த வழக்கில், 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. ஆகவே இது படிக்காதவர்களுக்கு மட்டும் நடக்கும் விடயமல்ல.

நான் விட்ட அடுத்த பிழை, பதற்றத்தில் முதலில் அட்டையைத் தடை செய்தது. அட்டையை நிறுத்தினாலும் சந்தா ஒப்பந்தம் நிற்காது. பணம் பாக்கி என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. புதிய அட்டை கைக்கு வரும்வரை ஹாலிஎலயிலிருந்து பதுளைக்குப் பல முறை அலைந்தேன். சரியான ஒழுங்கு இதுதான்: முதலில் அவர்களது தளத்தில் சந்தாவை இரத்துச் செய்து, அதைத் திரைப்படமாகப் பிடித்து வைக்க வேண்டும். பின்னர் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத வேண்டும். அதன் பிறகு வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. இலக்கமே திருடப்பட்டிருந்தால் மட்டும் முதலில் அட்டையைத் தடை செய்யுங்கள். கையடக்கத் தொலைபேசிச் செயலியை அழித்தாலும் சந்தா நிற்காது; பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். எனக்கு ஒரு மாதத் தொகை திரும்பக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மறுபக்கம், நியாயமான கொடுப்பனவுக்கும் அட்டை மறுக்கப்படுவதுண்டு. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது வங்கிகள் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை வெகுவாகக் கட்டுப்படுத்தின. இன்றும் பல டெபிட் கார்டுகளில் இணையவழிப் பாவனையும் வெளிநாட்டுப் பாவனையும் நாமாகக் கேட்கும்வரை மூடியே இருக்கும். நாளாந்த எல்லை, வங்கியில் பதிந்த பழைய தொலைபேசி இலக்கம் என்பனவும் காரணமாகலாம். மெய்நிகர் நாணயம் வாங்க நமது அட்டைகளுக்கு மத்திய வங்கி அனுமதி தரவில்லை. மறுக்கப்பட்டால் வங்கியிடம் காரணத்தைக் கேளுங்கள். அதற்காக நண்பரின் அட்டையையோ, முகநூலில் "கார்ட் வசதி செய்து தருகிறோம்" என்பவரையோ நாட வேண்டாம்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். சம்பளக் கணக்கின் அட்டையில் இணையவழிப் பாவனையை மூடிவிட்டேன். வேறொரு சிறிய கணக்கு திறந்து, தேவையான தொகையை மட்டும் அதில் போட்டுக் கட்டுகிறேன். டொலரா ரூபாயா என்று தளம் கேட்டால் டொலரையே தெரிவு செய்கிறேன். ரூபாய்க்கு அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம். இலவசக் காலம் முடிய இரண்டு நாட்களுக்கு முன் தொலைபேசியில் நினைவூட்டல் வைக்கிறேன்.

அட்டையே இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவனின் தாய், "ரீலோட் போட்டா காசு நிக்க மாட்டேங்குது சார்" என்றார். தொலைபேசியை வாங்கிப் பார்த்தோம். ராசிபலன், பாட்டு, விளையாட்டு என்று மூன்று சேவைகள் நாளாந்தம் சில ரூபாய்களைக் கழித்துக்கொண்டிருந்தன. அவர் எதையும் கேட்டு எடுத்ததாக அவருக்கு நினைவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து மூன்றையும் நிறுத்தினோம். நாட் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தச் சில ரூபாய்கள் சிறியவை அல்ல.

முறைப்பாட்டு இலக்கங்களைக் குறித்து வையுங்கள். வங்கி தீர்க்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் 1935. உள்நாட்டு வியாபாரிகள் தொடர்பில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 1977. தொலைபேசிக் கழிவுகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 1900. இணைய மோசடிக்கு இலங்கை சேர்ட் 101.

அளவையில் குறைப்பதும் பொருளின் குறையை மறைத்து விற்பதும் பாவம் என்று மத்ரஸாவில் சிறுவயதிலேயே படித்தோம். விலையைச் சிறிய எழுத்தில் மறைப்பதும் அதே இனம்தான். நமது பிள்ளைகள் நாளை இணையத்தில் கடை போடுவார்கள், இன்ஷா அல்லாஹ். ஏமாறாமல் இருக்க மட்டுமல்ல, ஏமாற்றாமல் இருக்கவும் அவர்களுக்கு இப்போதே சொல்லிக் கொடுப்போம்.