இருபது நிமிடமும் பதினைந்து நொடியும்

சோலாரிஸ் சர்வரைப் பொறுப்பேற்கும் அட்மின், அந்தக் காலத்தில், ‘சிஸ்’ என்ற பயனரின் கிரான் அட்டவணையை முதலில் திறந்து பார்த்துவிட வேண்டும். சர்வரின் சுமையை அளக்கும் ‘சார்’ கருவிக்கான வரிகள் அங்கே தயாராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு # குறி. அதை நீக்கினால்தான் சர்வர் தன் சுமையைக் குறித்துவைக்கத் தொடங்கும். நீக்காமல் விட்டால், சிக்கல் வரும் நாளில் புரட்டிப் பார்க்க ஒரு பதிவும் இருக்காது.

அந்த வரிகளைப் படித்தாலே அன்றைய அலுவலகம் கண்ணில் தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணியிலிருந்து மாலை வரை 20 நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுப்பு. இரவிலும் சனி ஞாயிறிலும் மணிக்கு ஒன்று. மாலை 6:05க்கு அன்றைய அறிக்கை. ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் சர்வரும் ஓய்ந்துவிடும் என்பதுதான் கணக்கு. பதிவுக் கோப்பின் பெயரில்கூடத் தேதி மட்டும்தான், மாதம் கிடையாது. அடுத்த மாதம் அதே பெயர் திரும்பி வரும் என்பதால், போன வருடத்தோடு ஒப்பிட நினைப்பவர் தனியே எடுத்துவைத்திருக்க வேண்டும்.

இன்று டெபியனில் புரொமீதியஸ் நோட் எக்ஸ்போர்ட்டரை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். நிறுவிய கையோடு ஓடத் தொடங்கி, 9100ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கேட்டால், கெர்னல் அந்த நொடியில் காட்டும் எண்களைப் படித்துக் கொடுக்கும். தானாக எதையும் எழுதிவைக்காது. எழுதிவைப்பது வேறொரு சர்வரில் இருக்கும் புரொமீதியஸ். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் உருவானது. பலரும் அதை 15 நொடிக்கு ஒரு முறை கேட்கும்படி வைக்கிறார்கள். இரண்டு நிமிடம் எகிறி அடங்கும் சிபியு சுமையை 20 நிமிடச் சராசரி விழுங்கிவிடும். இப்போது அது வரைபடத்தில் ஊசிபோல நிற்கிறது. நள்ளிரவு பேக்கப் டேட்டாபேஸை அமுக்குவதும் தெரிகிறது. இது பெரிய லாபம்.

ஆனால் நெட்வொர்க் அறுந்தால் அந்த வரைபடத்தில் விழுவது வெறும் இடைவெளி. பதிவு மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். அதனால் செபாஸ்டியன் கொடார் லினக்ஸுக்காக எழுதிய சிஸ்ஸ்டாட்டையும் கூடவே நிறுவ வேண்டும் என்பேன். ‘சார்’ அதில்தான் வருகிறது; பதிவும் அந்த சர்வரின் டிஸ்கிலேயே இருக்கும். டெபியனில் நிறுவியதோடு விட்டுவிடக் கூடாது, அமைப்புக் கோப்பில் ‘எனேபிள்ட்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான 10 நிமிட இடைவெளியையும் 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். இன்றைய டிஸ்குக்கு அது ஒரு சுமையே இல்லை.